மெட்டு ஏறுவதற்கு முன்: கேரள எல்லை மலைப்பாதைக்கு மேப் செயலியைத் தேர்ந்தெடுத்துச் சோதிக்கும் முறை

கம்பத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூன்று மலைப்பாதைகளிலும் ஏறி இடுக்கி மாவட்டத்துக்குள் போய் வருவதுதான் பிழைப்பு. புதிதாக வண்டி எடுக்கும் பையன்களும், மதுரை, திண்டுக்கல் பக்கமிருந்து சொந்தக் காரில் வருகிறவர்களும் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, எந்த மேப் நல்ல மேப்?" என்பதுதான். ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிட்ட காலமும் உண்டு. அப்படிப் போனவர்களில் பாதிப் பேர் நடு மலையில் நின்றுகொண்டு போன் செய்தார்கள். மீதிப் பேருக்குப் போன் செய்யச் சிக்னல் இல்லை.

கீழே இருக்கும் வரிசையை மாற்றாதீர்கள். செயலியின் பெயர் மூன்றாவது படியில்தான் வருகிறது. முழு வேலைக்கும் ஒரு மாலை நேரம் போதும், ஆனால் அது புறப்படும் நாளுக்கு முந்தைய மாலையாக இருக்க வேண்டும்.

தேவையானவை: செல்போனில் இரண்டு மூன்று ஜி.பி. காலி இடம், நல்ல வைஃபை அல்லது டேட்டா, காரில் பொருத்தும் தாங்கி, சார்ஜர், ஒரு தாள், ஒரு பேனா.

1. பாதையைத் தாளில் எழுதுங்கள்

எந்தச் செயலியையும் திறக்காமல், போகும் வழியில் வரும் ஊர்களை வரிசையாக எழுதுங்கள். கம்பத்திலிருந்து மூணாறு என்றால் இரண்டு வழி. ஒன்று போடி, போடிமெட்டு, பூப்பாறை, தேவிகுளம். இன்னொன்று கம்பம்மெட்டு, நெடுங்கண்டம், உடும்பன்சோலை, சாந்தன்பாறை, பூப்பாறை. ஊர்ப்பெயர் தெரியாதென்றால் போய்வந்த ஒருவரிடம் கேட்டு எழுதுங்கள்.

செயலி ஒரு வழியைச் சொல்லும்போது அது சரியா என்று ஒப்பிட உங்களிடம் வேறு ஏதாவது இருக்க வேண்டும், அதற்குத்தான் இந்தத் தாள். பூப்பாறை வரவேண்டிய நேரத்தில் பெயரே தெரியாத ஏலத்தோட்டம் வந்தால் தாள் உடனே காட்டிக்கொடுத்துவிடும். திரையில் தெரியும் நீலக் கோட்டுக்கு எல்லாப் பாதையும் ஒன்றுதான்.

எழுதும்போதே உங்கள் வண்டி என்ன, எந்த நேரத்தில் எங்கே இருப்பீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பைக், கார், வேன், லாரி ஆகிய நான்குக்கும் ஒரே பதில் கிடையாது.

2. செல்போனைச் சோதியுங்கள்

ஜி.பி.எஸ். வேலை செய்ய டேட்டா தேவை என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். தேவையில்லை. ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் சிக்னலைப் போன் வாங்கிக்கொள்கிறது, திருப்பி எதையும் அனுப்புவதில்லை. குறைந்தது நான்கு கோள்களின் சிக்னல் கிடைத்தால் இருக்கும் இடம் தெரிந்துவிடும். டேட்டா தேவைப்படுவது வரைபடத்துக்கும் நெரிசல் தகவலுக்கும், முதல் சிக்னலைச் சீக்கிரம் பிடிப்பதற்கும்தான்.

மூன்றாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு கோள் தன் இருப்பு விவரத்தை முழுதாகச் சொல்லி முடிக்கச் சாதாரணமாக 30 விநாடி ஆகும், எல்லாக் கோள்களின் பட்டியலையும் பெற 12.5 நிமிடம். டேட்டா இருந்தால் இந்த விவரங்கள் இணையம் வழியே நொடியில் வந்துவிடும். அதனால் குமுளி அடிவாரத்து லோயர்கேம்ப் தாண்டி மலைக்குள் போன பிறகு போனை அணைத்துப் போடாதீர்கள். மரமும் பாறையும் பாதி வானத்தை மறைக்கிற இடத்தில் புதிதாகச் சிக்னல் பிடிக்கப் போன் திணறும்.

சோதனை எளிது. மொட்டை மாடிக்குப் போய் மேப்பைத் திறந்து நீலப் புள்ளியைப் பாருங்கள். திறந்த வானத்தின் கீழ் நல்ல போன் ஏறக்குறைய 5 மீட்டருக்குள் சரியாகக் காட்டும். தெரு முழுவதையும் அணைத்தபடி பெரிய வட்டம் விழுந்தால், முதலில் அனுமதி அமைப்புகளில் 'துல்லியமான இருப்பிடம்' அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். என்னிடம் வந்த பழுதுகளில் முக்கால்வாசி இதுதான். அடுத்தது பேட்டரி சேமிப்பு. அது இயங்கினால் திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் செயலியைத் தூங்க வைத்துவிடும்.

புதிய போன் வாங்கப் போகிறவர்கள், எல்1, எல்5 என்ற இரண்டு அலைவரிசையிலும் சிக்னல் வாங்குகிறதா என்று கேளுங்கள். பாறையில் மோதித் திரும்பும் சிக்னலால் வரும் பிழை இரட்டை அலைவரிசையில் குறைகிறது. ஜி.பி.எஸ். போல நம் நாடே நடத்தும் நாவிக் கோள்களும் எல்5 அலைவரிசையில் அனுப்புகின்றன.

3. இரண்டு செயலிகளை எடுங்கள், வேலை வேறுவேறாக

ஒரே செயலியை நம்பி மலை ஏறாதீர்கள். நெரிசலையும் சாலை மூடலையும் உடனுக்குடன் சொல்ல ஒன்று வேண்டும், டவர் இல்லாத இடத்திலும் வழி காட்ட இன்னொன்று வேண்டும். ஒரு செயலி இரண்டு வேலையையும் நன்றாகச் செய்து நான் பார்த்ததில்லை.

முதல் வேலைக்கு கூகுள் மேப்ஸ், வேஸ், மேப்மைஇந்தியாவின் மேப்பிள்ஸ் மூன்றும் பெரும்பாலோருக்குத் தெரிந்தவை. கூகுளின் பலம் கடை, விடுதி, ஹோட்டல் பெயர்கள். பைக்குக்குத் தனி வழியும் தருகிறது. மேப்பிள்ஸ் பெரிய சந்திப்புகளைப் படமாகக் காட்டும், வேகத்தடை, பள்ளம் பற்றியும் எச்சரிக்கும். வேஸ் மற்ற ஓட்டுநர்கள் தரும் தகவலில் ஓடுகிறது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் கூட்டமாக இருக்கும் கொச்சி போன்ற நகரத்தில் அது நன்றாக இருக்கலாம். உடும்பன்சோலையில் யார் அதற்குத் தகவல் தரப்போகிறார்கள்? டேட்டா இல்லாமல் அதில் புதிய வழி தேடவும் முடியாது. நம் மலைக்கு நான் அதைச் சொல்வதில்லை.

இரண்டாவது வேலைக்கு ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஆஸ்அண்ட். இரண்டும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தில் ஓடுகின்றன. வரைபடம் முழுவதும் போனிலேயே இருக்கும். ஆர்கானிக் மேப்ஸ் எளிமையானது, விளம்பரம் இல்லை, பழைய போனிலும் ஓடும், புதியவர்களுக்கு அதுவே போதும். ஆஸ்அண்டில் அமைப்புகள் ஏராளம். முதல் நாள் தலை சுற்றும், இலவசப் பதிப்பில் இறக்கும் வரைபடங்களின் எண்ணிக்கைக்கு வரம்பும் உண்டு. ஆனால் லாரி, வேன் ஓட்டுகிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன், ஏனென்றால் வண்டியின் உயரம், எடை, அகலம் ஆகியவற்றைப் பதிந்து வழி கேட்கலாம். தாழ்வான பாலத்தின் உயரத்தை யாராவது வரைபடத்தில் சேர்த்திருந்தால்தான் அது பயன்படும் என்பதையும் மறக்க வேண்டாம். கூகுளில் லாரிக்கென்று தனி வழி கிடையாது.

கூகுளிலும் வரைபடத்தை இறக்கிவைக்கலாமே, இரண்டாவது எதற்கு என்று கேட்பீர்கள். இறக்கலாம், கார் வழியும் காட்டும். ஆனால் டேட்டா இல்லாதபோது நெரிசலும் தெரியாது, மாற்று வழியும் தராது. மலையில் தேவைப்படுவதே மாற்று வழிதான்.

காரோடு வரும் திரையும், தனியாக விற்கும் ஜி.பி.எஸ். கருவியும் வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் பாருங்கள்: வரைபடத்தைக் கடைசியாக எப்போது புதுப்பித்தீர்கள்?

4. எல்லையின் இரண்டு பக்கமும் இறக்குங்கள்

அதிகம் பேர் தடுக்கி விழும் படி இது. ஆஸ்அண்டிலும் ஆர்கானிக் மேப்ஸிலும் வரைபடம் மாநிலவாரியாகத் துண்டுதுண்டாகத்தான் இறங்கும். கம்பத்துக்காரர் தமிழ்நாட்டை மட்டும் இறக்குவார். வீட்டில் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். கம்பம்மெட்டு சோதனைச் சாவடியைத் தாண்டினால் திரை வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வழியில் வரும் துண்டுகளில் ஒன்று குறைந்தாலும் முழு வழியைக் கணக்கிட முடியாமல் செயலி கைவிரித்துவிடும்.

கூகுளில் சதுரம் வரைந்து இறக்க வேண்டும். அந்தச் சதுரத்துக்குள் தேனி, மூணாறு, குமுளி, முண்டக்கயம் எல்லாம் விழட்டும். போக நினைக்கும் ஊரோடு நிறுத்திவிட்டால் சாலை மூடி வேறு பக்கம் திருப்பிவிடும்போது அந்தப் பக்கம் வரைபடம் இருக்காது.

இன்னொன்று. இறக்கிய வரைபடம் தானாகப் புதுப்பிக்க, சாதாரணமாக வைஃபை இருந்தால்தான் என்று அமைத்திருக்கும். வீட்டில் வைஃபை இல்லாதவர்களுக்கு அது ஒருபோதும் நடக்காது, ஒருநாள் காலாவதியாகிக் காணாமல் போகும். காலாவதித் தேதி, இறக்கிய வரைபடங்களின் பட்டியலிலேயே இருக்கிறது. புறப்படும் முன் பாருங்கள்.

5. சேருமிடத்தைப் பெயரால் மட்டும் பதியாதீர்கள்

கூடலூர் என்று அடியுங்கள். தேனி மாவட்டத்தில் குமுளி அடிவாரத்தில் ஒரு கூடலூர் இருக்கிறது, நீலகிரியில் இன்னொன்று. இரண்டுமே கேரள எல்லையில்! எங்கள் கம்பத்தையே ஆங்கிலத்தில் அடித்தால் ஆந்திராவில் இருக்கும் கம்பமும் வந்து நிற்கும். வழி கிடைத்ததும் கிலோமீட்டரைப் பாருங்கள். ஊர் மாறியிருந்தால் அந்த எண்ணே சொல்லிவிடும்.

தோட்டத்து விடுதிகளுக்குப் பெயரை நம்பவே வேண்டாம். விடுதிக்காரரிடம் வாட்ஸ்அப்பில் லொகேஷன் வாங்குங்கள், 'இப்போது இருக்கும் இடமா, விடுதியா?' என்றும் கேளுங்கள். அவர் கட்டப்பனைச் சந்தையில் நின்றுகொண்டு அனுப்பிய லொகேஷனைப் பிடித்துப் போய் மிளகுக் கடை வாசலில் இறங்கியவன் நான்.

லொகேஷன் வந்ததும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் தாளில் எழுதுங்கள். கூகுளில் வந்த இடத்தை ஆர்கானிக் மேப்ஸில் பதிய இந்த எண்கள்தான் பாலம். எழுதும் முறையில் கவனம் தேவை. 9.50 டிகிரி என்றால் 9 டிகிரி 30 நிமிடம், 9 டிகிரி 50 நிமிடம் அல்ல. இந்தக் குழப்பத்தில் 20 நிமிடம் தள்ளிப்போனால் தரையில் அது ஏறக்குறைய 37 கிலோமீட்டர்.

6. அமைப்புகளை நான்கு இடத்தில் மாற்றுங்கள்

ஆர்கானிக் மேப்ஸிலும் ஆஸ்அண்டிலும் மண்சாலையைத் தவிர்க்கும் தெரிவை இயக்குங்கள். ஏலத்தோட்டத்து ஜீப் பாதைகள் வரைபடத்தில் குட்டிச் சாலைகளாக நிறைந்திருக்கின்றன. ஜீப்புக்கு அது பாதை, உங்கள் காரின் அடிப்பாகத்துக்கு அது எமன். கூகுளில் இந்தத் தெரிவு இல்லை, அங்கே எரிபொருள் மிச்சமாகும் வழிக்கு முன்னுரிமை என்பதை அணையுங்கள். குறுகிய சாலை வந்தால் எச்சரிக்கும் வசதியை 2024இல் இந்தியாவில் எட்டு நகரங்களில் தொடங்கினார்கள். கோயம்புத்தூரும் சென்னையும் அதில் உண்டு. மலைப்பாதைக்காரர்கள் நம் கண்ணையே நம்ப வேண்டியதுதான்.

குரல் தமிழில் இருக்கட்டும், வரைபட எழுத்து ஆங்கிலத்தில் இருக்கட்டும். கேரளப் பலகைகளில் பெரும்பாலும் மலையாளமும் ஆங்கிலமும்தான். ஆஸ்அண்டில் உள்ளூர்ப் பெயர் என்று விட்டால் எல்லை தாண்டியதும் எல்லாம் மலையாளத்துக்கு மாறிவிடும்.

கடைசியாக, வரைபடம் எப்போதும் வடக்கைப் பார்க்கட்டும் என்று வைக்கும் பழக்கம் உள்ளவர்கள், மலைக்கு மட்டும் வண்டி போகும் திசைக்கு மாற்றுங்கள். கொண்டை ஊசி வளைவில் இடமா வலமா என்று யோசிக்க நேரம் கிடையாது.

7. கோட்டின் மேல் விரல் வைத்துப் பாருங்கள்

இப்போதுதான் வழியைக் கேளுங்கள். வந்த கோட்டை முதலிலிருந்து கடைசிவரை பெரிதாக்கி, தாளில் எழுதிய ஊர்களோடு ஒப்பிடுங்கள். ஒரு ஊர் விடுபட்டால் ஏன் என்று பாருங்கள். இந்தப் பத்து நிமிடத்தைத் தாண்டிப் போகிறவர்களைத்தான் நான் அதிகமாக மீட்டு வந்திருக்கிறேன்.

வரைபடத்தில் கோடு இருப்பதும் அதில் வண்டி போக முடிவதும் வேறுவேறு. கொடைக்கானலிலிருந்து மூணாறைப் பார்த்தால் பேரிஜம், டாப் ஸ்டேஷன் வழியாகக் கைக்கெட்டும் தூரமாகத் தெரியும். அந்தப் பழைய பாதை பொதுமக்களுக்கு மூடப்பட்டுப் பல காலம் ஆகிறது. கீழே இறங்கித் தேனி, போடி வழியாகத்தான் ஏற வேண்டும். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குப் போவது நடைபாதை. தேவாரம் சாக்கலூத்து மெட்டுக்குச் சாலை வேண்டும் என்பது இந்தப் பக்கத்து மக்களின் நெடுநாள் கோரிக்கை, சாலையாக அதை நினைத்து வழி போட்டுவிடாதீர்கள். மேகமலையிலிருந்து தேக்கடி பக்கத்தில்தானே, நேராகப் போகலாமா என்று கேட்காத பயணி இல்லை. நடுவில் இருப்பது புலிகள் காப்பகம்.

அடுத்தது நேரம். வனச் சோதனைச் சாவடிகளுக்குக் கதவு உண்டு, கதவுக்கு நேரம் உண்டு. மேகமலை ஏறும் பாதையில் இரவில் விடமாட்டார்கள். வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளி போகும் காட்டுப்பாதையும் அப்படித்தான். முதுமலை வழியாகப் போகும் சாலையும், பந்திப்பூர் வழியாக வயநாட்டுக்குப் போகும் சாலையும் இரவு 9 மணி முதல் காலை 6 மணிவரை மூடியிருக்கும். செயலி சொல்லும் நேரம் கதவு திறந்திருப்பதாக நினைத்துச் சொல்வது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும், அதையும் எந்தக் குரலும் நினைவூட்டாது.

மழைக்காலத்தில் தேவிகுளம் கேப் ரோட்டில் மண் சரியும், இரவுப் பயணத்தை இடுக்கி மாவட்ட நிர்வாகம் தடை செய்வதும் உண்டு. சபரிமலை காலத்தில் நெரிசல் கூடினால் கம்பம்மெட்டு வழியாக ஏற்றிக் குமுளி வழியாக இறக்குவார்கள். இந்த இரண்டுக்கும் செய்தித்தாளும், அடிவாரத்து டீக்கடையும்தான் சரியான செயலி. மழைநாளில் கேரளச் சமவெளியில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 2024 மே மாதம் கோட்டயம் மாவட்டம் குறுப்பந்தறையில் மேப் பார்த்துப் போன சுற்றுலாப் பயணிகளின் கார் ஓடைக்குள் இறங்கிவிட்டது. நான்கு பேரும் உயிர் தப்பினார்கள். தண்ணீர் மூடிய சாலையும் ஓடையும் இருட்டில் ஒரே மாதிரிதான் இருக்கும், திரையில் இரண்டும் சாலைதான்.

8. ஃபிளைட் மோடில் ஒத்திகை

போனை ஃபிளைட் மோடுக்கு மாற்றுங்கள், வைஃபையையும் அணையுங்கள், இருப்பிடம் மட்டும் இயங்கட்டும். இரண்டாவது செயலியில் சேருமிடம் வருகிறதா? வழி முழுதாக வருகிறதா? பிறகு வண்டியை எடுத்து ஊருக்குள் ஒரு சுற்று சுற்றுங்கள். வேண்டுமென்றே தவறான தெருவில் திரும்புங்கள். புதிய வழியைத் தானாகக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். தமிழ்க் குரல் வருகிறதா என்றும் கேளுங்கள், சில போன்களில் குரல் தொகுப்பைத் தனியாக இறக்க வேண்டியிருக்கும். இங்கே தவறினால் நான்காம் படிக்குத் திரும்புங்கள். பெரும்பாலும் ஒரு துண்டு வரைபடம் விடுபட்டிருக்கும்.

9. வண்டியில் பொருத்துதல்

தாங்கியில் வையுங்கள், மடியில் வேண்டாம். 2020 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, ஓட்டும்போது கைக்கருவியை வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம். கண்ணாடிக்குக் கீழே வெயிலில் வைத்தால் போன் சூடாகித் திரை மங்கும், சார்ஜ் ஏறுவதும் நிற்கும். ஏ.சி. காற்று படும் இடத்தில் வையுங்கள்.

10. மலையில் ஓட்டும்போது

அடிவாரத்தில், டவர் இருக்கும்போதே இரண்டு செயலியையும் திறந்து வழியைத் தொடங்குங்கள். பேசுவது ஒன்று மட்டும் போதும், மற்றதன் குரலை நிறுத்துங்கள். இரண்டும் சேர்ந்து பேசினால் பக்கத்தில் இருப்பவரும் மூன்றாவதாகச் சேர்ந்துகொள்வார்.

போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மேல் சாலையும் கீழ்ச் சாலையும் வரைபடத்தில் ஒட்டியே இருப்பதால் நீலப் புள்ளி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும், 'திரும்புங்கள்' என்று குரல் கத்தும். வளைவுப் பகுதியில் அதைக் காதில் வாங்காதீர்கள். ஏறி முடிக்கும்வரை ஒரே சாலைதான். எதிரில் இறங்கும் லாரியைப் பாருங்கள்.

பெரிய சாலையிலிருந்து சின்னச் சாலைக்குத் திரும்பச் சொன்னால் நின்று தாளைப் பாருங்கள். ஒரு டிசம்பர் மாலையில் செயலி பன்னிரண்டு நிமிடம் மிச்சம் என்றது. நானும் வண்டன்மேடு பக்கம் ஒரு தோட்டச் சாலையில் திரும்பினேன். இரண்டு கிலோமீட்டர் கீழே பூட்டிய கேட். திருப்ப இடமில்லை, பனி இறங்கிவிட்டது, பின்சீட்டில் ஒரு கைக்குழந்தை. ரிவர்ஸிலேயே மேலே வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது.

11. திரும்பி வந்த பிறகு

தவறான இடத்தைக் கண்டால் வீட்டுக்கு வந்ததும் தெரிவியுங்கள். கூகுளில் அந்தச் சாலையை அழுத்தித் திருத்தம் அனுப்பலாம், ஏற்பதும் விடுவதும் அவர்கள் கையில். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்குத் தொடங்கி நீங்களே திருத்தலாம். கேட் இருந்தால் கேட், தனியார் சாலை என்றால் தனியார் சாலை என்று குறித்துச் சேமித்தால் போதும். வண்டன்மேட்டு கேட்டை நான் அப்படித்தான் சேர்த்தேன். ஆஸ்அண்ட் மாதம் ஒருமுறை வரைபடத்தைப் புதுப்பிக்கிறது. அடுத்த மாதம் இறக்கிவிட்டு அதே வழியைக் கேட்டேன். கோடு அந்தத் தோட்டத்துக்குள் போகாமல் பெரிய சாலையிலேயே நேராகப் போனது, பன்னிரண்டு நிமிடம் கூடுதலாக.